அறுவையும் அகற்றலும்

மருத்துவமனை வாயிலில் நிற்போர் பலரும் வழங்குஞ் சொல் 'ஆபரேஷன்' என்பது. அதனைத் தமிழிற் கூற விழைவோர் 'அறுவை' என்பர். ஈழநாட்டார் 'சத்திர சிகிச்சை' என்பர். உடலினின்று ஓர் உறுப்பையோ உறுப்பின் பகுதியையோ எடுத்துவிடுதலைக் குறிக்கத் தனியே ஒரு சொல் வேண்டுமா, வேண்டுமாயின் அஃது யாது என்னும் வினா பெரும்பாலோர் உள்ளத்தில் எழுவதில்லை. சொல்லாராய்ச்சி பண்டிதர்க்கே உரியதோர் பொழுதுபோக்கு என்று கருதுவாரும் உளர். ஆயினும் இவ்வொரு சொல்லின் தெளிவின்மையால் விளையுந் தீங்கு ஏட்டளவில் நில்லாது, மனிதர் உடலளவுஞ் செல்லுமாதலின், இதனை நம் கல்லூரி மாணவர் சிறிது ஆராய்ந்தறிதல் நலமென எண்ணி இக்கட்டுரையை வரையலாயினோம்.

முதற்கண் 'அறுவை' என்னுஞ் சொல்லை நோக்குவோம். 'அறு' என்பது பகுதி. கோவை, போர்வை முதலியவற்றிற்போல 'வை' விகுதி. பண்டைத் தமிழில் இச்சொல்லுக்கு வைத்தியத்தோடு யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. அக்காலத்தில் அறுவை என்றால் ஆடை. தறியில் நெய்த நீண்ட பாவினின்று அறுக்கப்படுதலின் அப்பெயர் பெற்றது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப்படுகின்றார். அவர் துணி விற்றவரேயன்றிக் கத்தியெடுத்த வைத்தியரல்லர். சிலப்பதிகாரங் கூறும் மதுரை நகரத்து அறுவை வீதியும் துணிக்கடைத் தெருவே. 'துணி' என்னுஞ் சொல்லும் துணித்தல், அதாவது வெட்டுதல், என்பதனடியாகப் பிறந்ததே. தோளிலிடும் 'துண்டு' மற்றுமோர் உதாரணம். இங்ஙனம் ஆடையைக் குறித்த சொல் வழக்கொழிந்தபின், அறுத்தற்றொழில் பற்றி வைத்தியத்திற்கு வந்து சேர்ந்தது. இக்காலத்து மாணவர் சலிப்பூட்டும் பேச்சையும் 'அறுவை' என்கின்றனர். இக்கட்டுரைக்கு அப்பெயர் வாராதிருக்குமாக!

நிற்க. வைத்தியத்தின் இப்பகுதிக்குப் பற்பல பாஷையினரும் இட்ட பெயர்களை ஒப்பிட்டு நோக்கின், ஒவ்வொரு பெயரும் ஒரே தொழிலை வெவ்வேறு பக்கத்தினின்று காட்டுதல் புலனாகும். ஆங்கிலத்து 'ஸர்ஜரி' கிரேக்க மூலமுடையது. கெய்ர் என்பது கை, எர்கோன் என்பது தொழில். ஆகவே அது 'கைத்தொழில்' என்னும் பொருட்டு. மருந்துகொடுத்துத் தீர்ப்பதினின்று கையாற்செய்து தீர்ப்பதை அது வேறுபடுத்திக் காட்டிற்று. 'ஆபரேஷன்' இலத்தீன் சொல். அதற்கும் 'வேலை' என்பதே பொருள். 'சத்திரம்' என்பது கருவியாற் பெற்ற பெயர். வடமொழியில் சஸ்திரம் என்றால் வெட்டுங் கருவி, ஆயுதம். கல்வியைக் குறிக்குஞ் சாஸ்திரம் வேறு. வழிப்போக்கர் தங்குஞ் சத்திரம் வேறு. அது சத்ரம் என்னும் பிறிதொரு வடசொல்லின் வழிவந்தது. தமிழிலே வடவெழுத்து நீங்கியபோது சஸ்திரமும் சத்ரமும் ஒரே உருப்பெற்றமையால், கத்தியும் அன்னசாலையும் ஒரு பெயர்க்கீழ் வந்தன.

'இரண வைத்தியம்' என்பது புண்ணாற் பெற்ற பெயர். விரணம் என்னும் வடசொல்லே இரணமாயிற்று. போரைக் குறிக்கும் ரணம் இதனின் வேறு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சார்ந்து தொண்டாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், துருவிற்று என்பாரது ஆங்கில நூலைத் தழுவி 1867-இல் வெளியிட்ட தமிழ்நூலுக்கு இப்பெயரையே இட்டார். அவர் 1847-இல் ஈழம் போந்து, தமிழ் கற்று, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்க்குப் போதித்தவர். கத்தி, எலும்பு, நரம்பு எனத் தொட்டதற்கெல்லாம் தமிழ்ப்பெயர் தேடவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. நோயாளிக்கும் வைத்தியனுக்கும் பாஷை ஒன்றாயிருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை உரையாற் கூறியதோடமையாது செயலாற் காட்டினார்.

மேற்கூறிய பெயர்களெல்லாம் கை, வேலை, கருவி, புண், வெட்டு என்பவற்றைக் குறித்தனவேயன்றி, எடுக்கப்படும் பொருளைக் குறித்தில. அதனைக் குறித்த பழம்பெயர் ஒன்று உண்டு. அதுவே 'சல்லியம்'. வடமொழியிற் சல்லியம் என்பது அம்பின் முனை. போர்க்களத்தில் உடலுட் புதைந்த அம்பை எடுத்தலே அக்காலத்து வைத்தியனுக்கு முதற்பெருங் கடமையாயிருந்தது. பின்னர் முள், எலும்புத் துண்டு முதலாக உடலின்கண் நின்று வருத்துவன யாவுஞ் சல்லியம் எனப்பட்டன. சுசுருதர் பெயரால் வழங்கும் நூன்மரபில் இவ்வைத்தியப் பகுதி முழுவதுக்குஞ் சல்லிய தந்திரம் என்றே பெயர். எதனால் வெட்டுகின்றோம் என்பதை விடுத்து, எதனை எடுக்கின்றோம் என்பதை அப்பெயர் முன்னிறுத்துகின்றது.

இச்சொல் தமிழ்நாட்டிலும் வழங்கியதற்குக் கல்லெழுத்துச் சான்றுண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியுங் கூடுந் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலின்கண் வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்றுளது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், அவ்விடத்திருந்த பதினைந்து படுக்கைகளையுடைய ஆதுலர்சாலையைக் கூறுகின்றது. நோய்நாடி மருந்துதவும் வைத்தியன் ஒருவனும், சல்லியக் கிரியை செய்வான் ஒருவனும், மருந்துக்கு வேண்டுவன கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் அங்கிருந்தனர். மருந்து கொடுப்பானும் அறுத்து எடுப்பானும் வெவ்வேறு ஆட்கள் என்னும் பகுப்பு அப்பொழுதே இருந்ததென்பது இதனாற் பெறப்படும். நாட்டு மக்கள் வழக்கிலும் இதே எண்ணம் 'முள்வாங்கி' என்னுங் கருவியின் பெயரிலே நிற்கின்றது. வாங்குதல் என்பதற்கு ஈண்டு வெளியே இழுத்தல் என்பது பொருள்.

சுசுருத நூல் மேலும் ஒருபடி செல்கின்றது. கத்தியாலும் கருவியாலுஞ் செய்யுந் தொழிலை அஃது எண்வகையாகப் பகுக்கும்: வெட்டி நீக்கல், கீறித் திறத்தல், சுரண்டல், குத்தல், துழாவி ஆராய்தல், பற்றி வெளியிழுத்தல், வடித்தல், தைத்தல் என. இவற்றுள் கீறித் திறத்தலாகிய பேத்தியம் வேறு, வெட்டி நீக்கலாகிய சேத்தியம் வேறு, பற்றி இழுத்தலாகிய ஆகாரியம் வேறு. எட்டையும் 'அறுவை' என்னும் ஒரு மூட்டையிற் கட்டிவிடுதல் அம்முன்னோர்க்கு உடன்பாடாகாது.

மேனாட்டார் இப்பகுப்பைக் கிரேக்க ஈறுகளாற் செய்துகொண்டனர். டோமே என்பது வெட்டு. பிளக்கவியலாதது என்னும் பொருளில் 'ஆட்டம்' என அணுவுக்குப் பெயரிட்டதும், உடலைக் கூறுசெய்து அறியும் நூலுக்கு 'அனாட்டமி' எனப் பெயரிட்டதும் இச்சொல்லைக்கொண்டே. ஒரு பெயர் 'ஆட்டமி' என முடியின், அவ்வுறுப்பு கீறித் திறக்கப்படும் என்றறிக. 'வெளியே' எனப் பொருள்படும் எக் என்பது முன்வந்து 'எக்டமி' என முடியின், வெட்டி வெளியே எடுக்கப்படும் என்றறிக. 'ஆஸ்டமி' என முடியின், வாய் எனப் பொருள்படும் ஸ்டோமா என்னுஞ் சொல் அதன்கண் உளது. அவ்வுறுப்புக்குப் புதியதோர் வாய் அமைக்கப்படும் என்பது கருத்து. ஓரிரண்டு எழுத்தே வேற்றுமை. ஆயினும் ஒன்றில் உறுப்பு உடலிலே நிற்கும், மற்றொன்றில் நில்லாது.

இவ்வேற்றுமையை நம் மக்கள் அறியாமையால் நேருங் குழப்பம் சிறிதன்று. 'பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன்' என்பர். சிறுநீரகக் கல்லைப்போலக் கல்லை மட்டும் எடுப்பர் என்று கேட்போர் எண்ணுவர். உண்மையிற் பெரும்பாலும் கல்லோடு பித்தப்பையே அகற்றப்படும். 'கண்புரை உரித்தல்' என்பர். உரிப்பதற்குக் கண்ணின்மேல் தோல் ஒன்றும் படர்ந்ததில்லை. மங்கிப்போன விழிவில்லையே எடுக்கப்பட்டு, அதனிடத்திற் செயற்கை வில்லை வைக்கப்படும். இதற்கு மறுதலையாக, ஆடவர்க்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சையாகிய 'வாஸெக்டமி' என்பதில், விந்து செல்லுங் குழாயிற் சிறு துண்டே நீக்கிக் கட்டப்படும். எவ்வுறுப்பும் அகற்றப்படுவதில்லை. ஆயினும் ஆண்மையே அறுபடும் என்றஞ்சி ஒதுங்குவோர் எண்ணற்றவர். முன்னையதில் அகற்றல் நிகழ்வதை அறியாமை. பின்னையதில் அகற்றல் நிகழாததை அறியாமை. இரண்டுக்குங் காரணம் சொல்லின் மயக்கமே.

இம்மயக்கம் நீதிமன்றம் வரையிற் சென்றதற்கோர் உதாரணங் காட்டுவோம். 2008-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு பெண்மணியின் வழக்கில் தீர்ப்பளித்தது. வயிற்றினுள் கருவி செலுத்திப் பார்த்து நோயை அறிதற்கும், அதன்வழியே சிகிச்சை செய்தற்கும், வேண்டுமாயின் வயிற்றைத் திறத்தற்கும் அவர் இசைந்து கையொப்பமிட்டிருந்தார். அவர் மயக்க மருந்தினால் உணர்விழந்திருந்தபொழுது, வெளியே காத்திருந்த தாயாரிடம் இசைவு பெற்று, மருத்துவர் அவருடைய கருப்பையையுஞ் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். நன்மை கருதியே மருத்துவர் அங்ஙனஞ் செய்தார் என்பதை மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், வயது வந்து அறிவுடையவராகிய நோயாளிக்குப் பதிலாகப் பிறர் இசைதல் செல்லாது என்றும், உடனே செய்யாவிடின் உயிர்க்கே ஆபத்து என்னும் நிலை அன்று இருந்ததில்லை என்றும், பார்த்தற்குந் திறத்தற்குந் தந்த இசைவு அகற்றற்குத் தந்த இசைவாகாது என்றும் அஃது இடித்துரைத்தது. கையொப்பமிட்ட தாளிலிருந்த சொல் 'ஆட்டமி' என முடிந்தது; நிகழ்ந்த செயலோ 'எக்டமி' என முடிவது. நாம் மேலே கண்ட ஈற்றெழுத்துக்களின் வேற்றுமை, ஒரு பெண்ணின் தாய்மையுரிமைக்கே எல்லைக்கல்லாய் நின்றதை உய்த்துணர்க. பின்னரும், வேண்டாத கருப்பை அகற்றல்கள் பல இடங்களில் நிகழ்கின்றன என்னும் முறையீட்டின்மேல், அவற்றைத் தடுத்தற்குரிய நெறிமுறைகளை மாநிலங்கள் மேற்கொள்ளவேண்டும் என 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதே மன்றம் ஆணையிட்டது.

அறுத்துஞ் சுட்டும் வருத்தினும் மருத்துவன்மேல் நோயாளன் கொண்ட அன்பு மாறாது என்னும் உவமையைக் குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் வைத்துள்ளார். அத்தகைய நம்பிக்கையன்றோ இத்தொழிலுக்கு அடிப்படை! நம்பிக்கை பெரிதாக, நம்பப்படுவோன் கூறவேண்டிய சொல்லின் தெளிவும் பெரிதாதல் வேண்டும்.

இனி, அகற்றலின் மற்றொரு வகையைக் காண்போம். இதுகாறுங் கூறியவை நோயாளியின் நலத்திற்காக அவர் உடலினின்றே எடுப்பன. பிறர் நலத்திற்காக ஒருவர் உடலினின்று உறுப்பெடுத்தலும் இக்காலத்துண்டு. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்தியன் பர்னார்டு என்பார் மனித இருதயத்தை ஒருவரிடமிருந்தெடுத்து மற்றொருவர்க்குப் பொருத்தினார். இந்தியாவில் அதற்கு இடந்தந்த சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. மூளைத்தண்டின் செயல் மீளாவகையில் அற்றுவிட்டதென மருத்துவர் நால்வர் ஆறுமணி நேர இடையீட்டில் இருமுறை ஆராய்ந்து உறுதிசெய்தல் வேண்டும். நெருங்கிய உறவினர் இசைதல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. அச்சட்டத்தின் முகவுரை உறுப்புக்களை அகற்றல், சேமித்துவைத்தல், மாற்றிப் பொருத்தல் என மூன்று தொழில்களை நிரலே கூறுகின்றது. அகற்றலே முதலில் நிற்றல் காண்க.

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர்க்கும் அண்ணாநகர்க்கும் இடையே உள்ள முகப்பேர் இவ்வரலாற்றில் இடம்பெற்ற ஊர். சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில்கொண்டுள்ள அவ்வூரின் பெயரை, 'மகப்பேறு' என்பதன் திரிபென்று கூறுவாருளர். 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், விபத்தொன்றில் தலையிற் காயமுற்று மூளைச்சாவெய்திய பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுடைய உறுப்புக்களைப் பிறர்க்களிக்க, அவனுடைய பெற்றோர் இசைந்தனர். அவர்கள் இருவரும் மருத்துவர்கள். தாம் இசைவது எதற்கென்பதை ஒவ்வொரு சொல்லளவிலும் அறிந்து இசைந்தவர்கள். தேனாம்பேட்டையில் எடுக்கப்பட்ட அவன் இருதயம், முகப்பேரில் மருத்துவர் கே. எம். செரியன் நிறுவியிருந்த இருதய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. உடலினின்று வெளியே எடுத்த இருதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே பயன்படத்தக்கது. ஆதலின் போலீஸார் வழியெங்கும் போக்குவரவை நிறுத்தி இடந்தர, வழக்கமாக முக்கால் மணி நேரமாகும் அவ்வழியைப் பதினொரு நிமிடத்திற் கடந்தனர் எனப் பத்திரிகைகள் எழுதின. பின்னர் உறுப்பு தானம் தமிழ்நாட்டிற் பரவுதற்கு இந்நிகழ்ச்சி பெரிதுந் துணைசெய்தது. அதே ஆண்டில் அரசாங்கம் இதற்கான ஆணைகளை வெளியிட்டது. 2014-இல் உறுப்பு மாற்றத்திற்கெனத் தனி ஆணையமும் ஏற்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்குவைத்து நோக்குக. இரண்டும் அகற்றலே. முன்னையது உரியவர் இசைவின்றி நிகழ்ந்தமையால், நல்லெண்ணமிருந்தும் குற்றமாயிற்று. பின்னையது அறிந்து தந்த இசைவோடு நிகழ்ந்தமையால், பெருந்துயரிடையேயுங் கொடையாயிற்று. கத்தி ஒன்றே, இசைவே வேறு.

இத்தகைய கொடையைக் குறிக்க ஆங்கிலத்தில் முன்பு 'ஹார்வெஸ்ட்' என்னுஞ் சொல் பெருவழக்காயிருந்தது. அதனைப் பின்பற்றிச் சிலர் தமிழில் 'உறுப்பு அறுவடை' என எழுதுகின்றனர். அறுவை, அறுவடை இரண்டும் ஒரே பகுதியிற் பிறந்தனவாதலின், இலக்கணம் பற்றி அதனைக் குறைகூறவியலாது. ஆயினும் பொருள் பற்றிக் குறைகூறலாம். அறுவடை செய்த கதிர் களத்திற்குஞ் சென்று, குதிருக்குஞ் சென்று, உணவாய் முடிவது, அறுத்தவனுக்கே ஊதியமாவது. மகனை இழந்த தாயின் செவியில் அச்சொல் எங்ஙனம் ஒலிக்கும்? இவ்விடர்ப்பாடு உணர்ந்தே ஆங்கில வைத்தியருள்ளும் பலர் அதனைக் கைவிட்டு, மீட்டெடுத்தல் எனப் பொருள்படுஞ் சொல்லை மேற்கொண்டனர். நம் நாட்டுச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுத் திருத்தமும் உறுப்பெடுக்கும் மருத்துவ நிலையங்கட்கு அவ்வாறே பெயரிட்டுள்ளது.

உழவுத்தொழிலிலிருந்தே உவமை வேண்டுமாயின், நம் உழவர் வாயிலே பொருத்தமான சொல் உண்டு. பொருத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'டிரான்ஸ்பிளாண்ட்' என்பதற்குப் பெயர்த்து நடுதல் என்பதே நேர்பொருள். நாற்றங்காலினின்று பயிரை எடுத்து வயலில் நடுகின்றவனிடம் சென்று, 'நாற்றை அறுவடை செய்கின்றாயோ?' என்று வினவினால் அவன் நகைப்பான். அவன் 'நாற்றுப் பறிக்கின்றேன்' என்பான். அறுவடையில் எடுக்கப்பட்டது வாழ்வு முடிவது; நாற்றெடுப்பில் எடுக்கப்பட்டது வேறிடத்து வேரூன்றி வாழ்வது. முகப்பேருக்கு வந்த இருதயம் கதிரன்று, நாற்றேயாம்.

இதுகாறுங் கூறியவற்றின் பயனைத் தொகுத்துரைப்போம். கத்தியாற் செய்யும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'அறுவை' நிற்க. கீறித் திறந்து பார்த்தலை 'திறத்தல்' என்க. புதுவழி செய்தலை 'வாயமைத்தல்' என்க. உறுப்பையோ அதன் பகுதியையோ எடுத்துவிடுதலை 'அகற்றல்' அல்லது 'நீக்கம்' என்க. அங்ஙனங் கூறுமிடத்தும் 'கருப்பை அறுவை' என்றோ 'மார்பு ஆபரேஷன்' என்றோ வாளாது விடாமல், எடுக்கப்படுவது யாது, எவ்வளவு என்பவற்றையுஞ் சேர்த்துச் சொல்லுக; கட்டி அகற்றல் வேறு, மார்பகம் அகற்றல் வேறு. பிறர்க்குப் பொருத்தும்பொருட்டு எடுப்பதை அறுவடை என்னாது, 'உறுப்பெடுத்தல்' என்றேனும் 'மீட்டெடுத்தல்' என்றேனும் எளிமையாய்க் கூறுக.

நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணவருட் சிலர் வைத்தியராவர், சிலர் வழக்கறிஞராவர், சிலர் பத்திரிகையாளராவர். ஏனையோரும் என்றேனும் ஒருநாள் தாய்க்கோ தந்தைக்கோ துணையாய் மருத்துவமனையில் நின்று, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றை அவர்கட்குத் தமிழிற் படித்துச் சொல்லவேண்டிய நிலை எய்துவர். அப்பொழுது பெயரின் ஈற்றெழுத்துக்களை ஊன்றி நோக்குக. 'இஃது அகற்றலா, திறத்தலா? அகற்றலாயின் எதனை, எவ்வளவு? அகற்றாது தீர்க்க வழியுண்டா?' என்று மரியாதையோடு வினவுக. விடை பெற்றபின், படுக்கையிலிருப்பவர் விளங்கிக்கொள்ளுஞ் சொற்களால் அதனை அவர்க்கு எடுத்துரைத்து, அவர் தாமே தீர்மானிக்க விடுக. கல்வி கற்றவன் கல்லாதார்க்குச் செய்யத்தகும் உதவிகளுள் இது சிறியதன்று.